அத்தோவை அங்கேயே நின்று சாப்பிடுங்கள்

பர்மாவிலிருந்து வந்த நூடுல்ஸ் கலவையான அத்தோவைப் பார்சல் வாங்கிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. பையில் கட்டிக் கொடுப்பதும் அதே நூடுல்ஸ், அதே முட்டைக்கோஸ், அதே புளித்தண்ணீர்தான். ஆனால் ரயிலேறி வீடு போய்ச் சேர்வதற்குள் மொறுமொறுப்பெல்லாம் நமத்துவிடும், கோஸ் உப்பில் ஊறித் தண்ணீர் விட்டுவிடும், பொரித்த பூண்டின் வாசனை பைக்குள்ளேயே அடங்கிப்போகும். பசிக்கு அதுவும் சாப்பாடுதான், இல்லை என்று சொல்லவில்லை. இருந்தாலும் வெளியே போய்ச் சாப்பிடுவதில் அப்படி என்ன சுகம் என்று யாராவது கேட்டால் நான் முதலில் கை காட்டுவது தெருவோர அத்தோ வண்டிகளைத்தான். கண்ணெதிரே ஒருவர் கலக்கிறார், கலந்த மறுநிமிஷம் நின்றபடியே வாயில் போட்டுக்கொள்கிறோம். அந்த ஒரு நிமிஷத்தை வீட்டுக்குக் கட்டிக்கொண்டு போக வழியே இல்லை.

தெரியாதவர்களுக்கு இடம் சொல்லிவிடுகிறேன். சென்னையில் பீச் ஸ்டேஷனுக்கு எதிரே ராஜாஜி சாலையில் பர்மா பஜார். எலக்ட்ரானிக்ஸ், வாட்ச், சென்ட், செல்போன் கவர் என்று வரிசையாக இருக்குமே, அதேதான். அந்த வரிசைக்கு முதுகுப்பக்கமாக ஓடுகிற தெரு செகண்ட் லைன் பீச். பகலில் போனால் அலுவலகக் கட்டடங்களும் நிறுத்தி வைத்த பைக்குகளும்தான் கண்ணில் படும். சாயங்காலம் ஆனதும் வண்டிகள் வந்து நிற்கும், குழல்விளக்கு எரியும், ஒவ்வொரு வண்டியிலும் ஆரஞ்சு நிறத்தில் ஒரு நூடுல்ஸ் மலை எழும்பும். முதல்முறை பார்க்கிறவர்களுக்கு அந்த நிறம்தான் மனதில் நிற்கும். கலர்ப்பொடி போட்டது என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு, உண்மைதான், கலர்ப்பொடிதான். நிறம் போடாமல் வெள்ளையாகவே கலந்து தருகிற கடைகளும் இருக்கின்றன, வேண்டியவர்கள் அங்கே போகலாம். நூடுல்ஸே இல்லாமல் கோஸும் பேஜோ என்கிற மொறுமொறு வட்டமும் மட்டும் கலந்து கேட்டாலும் தருவார்கள், அது தனி ருசி.

கண்ணுக்கு முன்னால் மூக்குக்குத் தெரிந்துவிடும். பத்தடி தூரத்திலேயே பூண்டு வந்து கூப்பிடும். எண்ணெயில் பொன்னிறம் தாண்டி, கருகலுக்கு ஒரு நூல் முன்னால் எடுத்த பூண்டு. நம் வீட்டுத் தாளிப்பில் பூண்டை அந்த அளவுக்குக் கொண்டுபோக மாட்டோம், அதற்கு முன்னாலேயே தக்காளியோ புளியோ உள்ளே விழுந்துவிடும். இங்கே பூண்டையும் வெங்காயத்தையும் தனித்தனியாகப் பொரித்து எடுத்து, பொரித்த எண்ணெயையும் பத்திரமாக வைத்துக்கொள்கிறார்கள். அத்தோவின் பாதி உயிர் அந்த எண்ணெயில் இருக்கிறது. அடுப்பு என்று பார்த்தால் சூப் அண்டாவுக்குக் கீழே மட்டும்தான் எரிகிறது. அத்தோவுக்குச் சூடே கிடையாது, எல்லாம் ஏற்கெனவே வெந்தோ பொரிந்தோ காத்திருப்பவைதான்.

கலப்பதைத்தான் நான் ஆசையாகப் பார்ப்பேன். அகலமான ஒரு பேசினில் இரண்டு பிடி நூடுல்ஸ் விழும். அதன் மேல் மயிரிழையாக அரிந்த பச்சை முட்டைக்கோஸ், பச்சை வெங்காயம், கொத்தமல்லி. அப்புறம் பொரித்த வெங்காயம், பொரித்த பூண்டு, வறுத்து இடித்த மிளகாய்த்தூள், உப்பு, கொஞ்சம் பொட்டுக்கடலை மாவு. ஒரு கரண்டி பூண்டு எண்ணெய், ஒரு கரண்டி புளித்தண்ணீர். எலுமிச்சையை அரை மூடி பிழிவார்கள். பிறகு பேஜோ. தட்டையைவிடப் பெரிதாக, மெல்லிசாக, நிறைய எண்ணெயில் பொரித்த மொறுமொறு வட்டம்; அதை உள்ளங்கையில் வைத்து ஒரே நெருக்கு நெருக்குவார்கள், சரசரவென்று பேசினில் கொட்டும். அதற்கு மேல் கை இறங்கும். தயிர்சாதம் பிசைகிற மாதிரி அழுத்திப் பிசைவதில்லை. விரல்களை விரித்துக்கொண்டு அடியிலிருந்து அள்ளி, மேலே தூக்கி, உதறி உதறிப் போடுகிறார்கள். நூடுல்ஸ் உடையாது, கோஸ் கசங்காது, எண்ணெய் மட்டும் ஒவ்வொரு இழையிலும் ஏறிக்கொள்ளும். மொத்தமும் அரை நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். கரண்டியால் கலந்த அத்தோவையும் சாப்பிட்டிருக்கிறேன்; ஒரு வாயில் உப்பு தூக்கல், அடுத்த வாயில் உப்பே இல்லை. கைக்குத் தெரிகிற கணக்கு கரண்டிக்குத் தெரியாது என்பதை அன்றைக்கு நாக்கு நன்றாகவே சொன்னது. இப்போது பல கடைகளில் கையுறை போட்டுக்கொள்கிறார்கள், நல்லதுதான். சுத்தம் எப்படி என்று பார்த்துத்தான் நானும் கடையைத் தேர்ந்தெடுக்கிறேன். கூட்டம் இருக்கிற கடை என்றால் கோஸ் புதிதாக அரிந்து அரிந்து வரும், அதை ஒரு அடையாளமாக வைத்திருக்கிறேன்.

கலப்பதற்கு முன்னால் தலையைத் தூக்கி ஒரு கேள்வி கேட்பார்கள். “அக்கா, காரம் எப்படிப் போடட்டும்?” முதல்முறை போகிறவர்கள் நடுத்தரம் என்று சொல்வது நல்லது. காரம் போதவில்லை என்றால் மேலே தூவிக்கொள்ளலாம், தூக்கலாகிவிட்டால் எடுக்க முடியாது.

முதல் வாய் போட்டதும் நாக்கு கொஞ்சம் திகைக்கும். தெரிந்ததைத் தேடும். புளி இருக்கிறது, அப்படியானால் புளியோதரையா என்று பார்க்கும், இல்லை. நூடுல்ஸ் இருக்கிறது, சைனீஸ் கடை நூடுல்ஸா என்று பார்க்கும், அதுவும் இல்லை, ஏனென்றால் இது சூடாகவே இல்லை. எதிலும் சேர்க்க முடியாமல் நாக்கு முழிக்கிற அந்த நேரம் எனக்கு மிகவும் பிடித்த நேரம். புதுச் சுவை என்று நாம் சொல்வதெல்லாம் அந்தச் சில நொடிகள்தான் என்று நினைக்கிறேன். அப்போது பிடித்திருக்கிறதா இல்லையா என்று தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. இரண்டாவது வாயும் மூன்றாவது வாயும் போன பிறகுதான் ஒவ்வொன்றாக அடையாளம் தெரியும்: பச்சைக் கோஸின் லேசான காட்டம், கூடவே தித்திப்பு, பூண்டின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய கசப்பு, புளியும் எலுமிச்சையும் இரண்டு விதமாகப் புளிப்பது. எலுமிச்சை முன்னால் வந்து சட்டென்று போய்விடும், புளி பின்னால் வந்து தங்கும். இரண்டும் எதற்கு என்று நான் முன்பு யோசித்ததுண்டு. ஒன்றைக் குறைத்துக் கலந்து தரச் சொல்லிச் சாப்பிட்டுப் பார்த்தால் விடை கிடைக்கும்.

நடுநடுவே பேஜோ நொறுங்கும். காதுக்கும் இந்தச் சாப்பாட்டில் பங்கு இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சம்பீனி, ஸ்பென்ஸ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் உருளைக்கிழங்கு சிப்ஸ் கடிக்கிற சத்தத்தை மைக்கில் பிடித்து, கொஞ்சம் கூட்டி, சாப்பிடுகிறவர்களின் காதிலேயே ஹெட்போன் வழியாகத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். சிப்ஸ் அதே சிப்ஸ்தான், ஆனால் சத்தம் கூடியபோது இன்னும் மொறுமொறுப்பாக, புதிதாக இருப்பதாக அவர்களுக்குத் தோன்றியது. 2004-இல் வெளியான ஆய்வு இது. செகண்ட் லைன் பீச்சில் ஹாரனும் ரயில் அறிவிப்பும் பைக் சத்தமுமாக இருக்கும், ஆனாலும் பேஜோ கடிபடுகிற சத்தம் தாடை எலும்பு வழியாக உள்ளேயே கேட்டுவிடும். அதனால்தான் நமத்துப்போன பார்சல் அத்தோ அவ்வளவு மந்தமாகத் தெரிகிறது. உப்பு புளி காரம் எதுவும் குறையவில்லை, சத்தம் போய்விட்டது.

இப்போது சூப்புக்கு வர வேண்டும். அத்தோ வாங்கினால் கூடவே ஒரு கிண்ணத்தில் வாழைத்தண்டு சூப் வரும், பெரும்பாலான கடைகளில் கேட்கக் கேட்க ஊற்றுவார்கள். வட்டமாக அரிந்த தண்டு குழைய வெந்து மிதக்கும், மிளகும் இஞ்சியும் தூக்கலாக இருக்கும், மாவு கரைத்து விட்டதால் லேசாகக் கெட்டிப்பட்டிருக்கும். அத்தோ ஆறியது, சூப் கொதிப்பது. ஒரு வாய் அது, ஒரு மடக்கு இது என்று மாற்றி மாற்றிப் போனால் ஒரு விஷயம் நடக்கும்: அத்தோவில் அடக்கமாகப் படுத்திருந்த மிளகாய், சூப் பட்டதும் எழுந்துகொள்ளும். காரமும் சூடும் வாய்க்குள் ஒரே வாசலில் நுழைவதுதான் இதற்குக் காரணம். மிளகாய்க்குக் காரம் தருகிற கேப்சைசினை உணர்கிற அதே நரம்பு ஏற்பிதான் சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட சூட்டையும் உணர்கிறது. இதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் மருத்துவ நோபல் பரிசு பகிர்ந்து அளிக்கப்பட்டது. காரம் பட்ட நாக்கில் சூடு பட்டால் இரண்டும் கூடிக்கொள்ளும். மூக்கு ஒழுகும், நெற்றி வேர்க்கும், கடல் பக்கமிருந்து காற்று வந்தால் அந்த வேர்வை குளிரும். சென்னையின் புழுக்கத்தில் நின்றுகொண்டு சூடான சூப் குடிப்பது என்ன புத்தி என்று கேட்பவர்கள் ஒருமுறை குடித்துப் பார்க்கட்டும்.

மசாலா முட்டையைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். அவித்த முட்டையை நடுவில் கீறி, மஞ்சள் கருவுக்குள் பொரித்த வெங்காயம், பூண்டு, மிளகாய்த்தூள், உப்பு, கொத்தமல்லி எல்லாவற்றையும் அடைத்து, மேலே பூண்டு எண்ணெயும் புளித்தண்ணீரும் விட்டுத் தருவார்கள். கடித்துச் சாப்பிடுவது கிடையாது, முழுசாக ஒரே வாய். வாய் நிறைந்து, கொஞ்ச நேரம் பேச முடியாது. மஞ்சள் கரு உதிர்ந்து எண்ணெயில் குழைந்து மாவாகிக்கொண்டே வரும், அதற்குள் புளிப்பு வந்து அதை அறுக்கும், அங்கங்கே வெங்காயம் நறுநறுக்கும். நான் அழைத்துப்போன அத்தனை பேரும், அத்தோ பிடிக்கவில்லை என்று சொன்னவர்கள்கூட, இரண்டாவது முட்டை கேட்டிருக்கிறார்கள்.

சரி, இந்தச் சாப்பாடு இந்தத் தெருவுக்கு எப்படி வந்தது? ஒரு கூட்டம் வீடு வாசல் இழந்து கப்பலேறி வந்ததால் வந்தது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் கீழ்ப் பர்மா வெள்ளைக்காரன் கைக்குப் போய், ஐராவதி டெல்டாவில் நெல் விளைச்சல் பெருகியபோது, தமிழ்நாட்டிலிருந்து வட்டித்தொழிலுக்குச் செட்டியார்களும் கூலி வேலைக்கும் சின்ன வியாபாரத்துக்கும் ஆயிரக்கணக்கானவர்களும் ரங்கூனுக்குக் கப்பலேறினார்கள். 1942-இல் ஜப்பான்காரன் வந்தபோது காடு மலை வழியே நடந்து தப்பியவர்கள் ஒரு அலை. அடுத்த அலை 1962 மார்ச்சில் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்த பிறகு. கடைகள் தேசியமயமாயின. 1964 மே மாதம் 50, 100 சாட் (பர்மா நாணயம்) நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். தலைமுறை தலைமுறையாக அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் கையில் எதுவும் இல்லாமல் சென்னைத் துறைமுகத்தில் இறங்கினார்கள். அவர்கள் பிழைப்புக்காக 1969-இல் உருவானது பர்மா பஜார். வியாசர்பாடியிலும் குடியமர்ந்தார்கள், அதனால் அங்கேயும் நல்ல அத்தோ கிடைக்கிறது. திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கமும் பர்மா காலனி என்ற பெயரில் குடியிருப்புகள் உண்டு. பெட்டி படுக்கையைக்கூடக் கொண்டுவர முடியாதவர்கள் நாக்கில் கொண்டுவந்ததை வைத்துத் தெருவில் கடை போட்டார்கள். அதை நினைத்துக்கொண்டால் எனக்கு அந்தக் கிண்ணத்தின் மேல் ஒரு மரியாதை வருகிறது. பெரியவர்கள் நடத்துகிற ஒன்றிரண்டு கடைகளில் அவர்கள் தங்களுக்குள் பர்மிய மொழியில் பேசிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன், அடுத்த நொடி நம் பக்கம் திரும்பி “உனக்கு என்னம்மா வேணும்?” என்பார்கள்.

செட்டிநாட்டுக் கல்யாண வீடுகளில் இனிப்பாகப் பரிமாறுகிற கவுனி அரிசியும் பர்மா வழி வந்ததாகத்தான் அந்தப் பக்கத்தில் சொல்வார்கள். பர்மாவின் ருசி நமக்கு அவ்வளவு தூரத்து ருசி ஒன்றும் இல்லை.

இது உண்மையான பர்மா சாப்பாடே இல்லை என்று ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழும். அங்கே கலவைகளில் மீன் சாறும் காய்ந்த இறால் பொடியும் விழும், இங்கே பெரும்பாலான கடைகளில் இரண்டும் கிடையாது. மொயிங்காவும் அப்படித்தான். பர்மாவில் அது காலை உணவு. கெளுத்தி மீனை வேகவைத்து உதிர்த்து, எலுமிச்சைப் புல், இஞ்சி, வாழைத்தண்டு எல்லாம் போட்டுக் குழம்பாக்கி, மெல்லிய அரிசி நூடுல்ஸ் மேல் ஊற்றுவார்கள். சென்னை வண்டிகளில் மீன் இல்லாத வாழைத்தண்டுச் சாறுதான், அதுவும் சாயங்காலச் சாப்பாடு. இதை ஒரு குறையாகச் சொல்வதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை. வந்த ஊரில் யார் வாங்குவார்கள், சைவக்காரர்கள் எத்தனை பேர் நிற்பார்கள், சந்தையில் எது மலிவாகக் கிடைக்கும் என்று பார்த்துப் பார்த்து மாற்றியிருக்கிறார்கள். மீனை எடுத்த இடத்தில் வேறு ருசி வேண்டுமே என்று பூண்டையும் வறுத்த மிளகாயையும் ஏற்றியிருக்கிறார்கள். அந்த மாற்றமும் சமையல்தான், நல்ல சமையல். ரங்கூன் ருசி வேண்டும் என்றால் ரங்கூனுக்குப் போக வேண்டும். இது வட சென்னை ருசி, இதற்கு நிகர் அங்கேயும் கிடைக்காது.

புது ருசி தேடி வெளியே போவது என்றால் ஏசி அறை, பெரிய மெனு, பெயரே வாயில் நுழையாத பதார்த்தம் என்று ஆகிவிட்டது இப்போது. அதற்கும் நான் போவேன், பிடித்தும் இருக்கிறது. ஆனால் அங்கே சமைப்பவரின் கை நமக்குத் தெரிவதில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து தட்டு வருகிறது, தட்டு போகிறது. தெருவில், பொருள் பொருளாகக் கண்ணில் பட்டு, மூக்கில் ஏறி, காதில் விழுந்து, கடைசியில்தான் வாய்க்கு வருகிறது. அதற்குள் பாதி சாப்பிட்ட மாதிரி ஆகிவிடும். செகண்ட் லைன் பீச்சிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் சௌகார்பேட்டை மின்ட் தெருவும் இருக்கிறது. முறுக்குக்கு நடுவில் வெள்ளரிக்காய், தக்காளி, சட்னி வைத்து சாண்ட்விச் ஆக்கித் தருவார்கள். நம் முறுக்குதான், ஆனால் அப்படி ஒரு கோலத்தில் அதை நம் வீட்டில் யாரும் பார்த்திருக்க மாட்டோம். ஒரே சாயங்காலத்தில் இரண்டு இடத்துக்கும் போக வயிற்றில் இடம் இருக்காது என்பதுதான் கஷ்டம்.

போகிறவர்களுக்கு என் யோசனை இதுதான். இரண்டு பேராகப் போங்கள். ஒரு அத்தோ, ஆளுக்கு ஒரு மசாலா முட்டை, முதல் சுற்று அவ்வளவு போதும். முட்டையை முதலில் சாப்பிடுங்கள், பசி இருக்கும்போதுதான் அதன் எண்ணெய் ருசிக்கும். அத்தோவில் பாதி போகும் வரை சூப்பைத் தொடாதீர்கள், அப்புறம் மாற்றி மாற்றிக் குடியுங்கள். இரண்டாவது சுற்றுக்கு மொயிங்கா ஒன்று வாங்கிப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள், அதன் மேல் பேஜோவைக் கூடுதலாக நொறுக்கிப் போடச் சொல்லுங்கள். சாறில் ஊறி ஒரு பக்கம் மெத்தென்றும் இன்னொரு பக்கம் மொறுமொறுவென்றும் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும், பேச்சில் விட்டுவிட்டால் மொத்தமும் ஊறிவிடும். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள், கைக்குட்டையும். நேரம் ஆக ஆக மசாலா முட்டை தீர்ந்துவிடுகிற கடைகள் உண்டு, அதனால் வேலை முடிந்ததும் நேரே போய்விடுங்கள்.